பதினாலு பைப்புக்கு ஒத்த மோதிரம்

பெர்மாஸ் ஜெயா
ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

வாட்ஸ்அப்ல என்னை பிளாக் பண்ணிட்டீங்க. டெலிகிராம்லயும் பண்ணிட்டீங்க. இமெயில மறந்துட்டீங்க. அதனால தேதி போட்டு, அன்புள்ளன்னு ஆரம்பிச்சு, தமிழ்ப்பள்ளியில டீச்சர் சொல்லிக் குடுத்த மாதிரியே கடிதம் எழுதுறேன்.

முதல்ல மன்னிப்பு. நீங்க கடல்ல எண்ணெய்க் கிணறு தோண்டற ரிக்ல இருந்து அனுப்பின போட்டோவ, பைப் பத்திப் பேசற என் யூடியூப் சேனல்ல போட்டது தப்பு. பின்னாடி போர்டுல வெளிய தெரியக் கூடாத கிணத்தோட பேரு தெரிஞ்சத நான் பாக்கல. நான் பைப்ப மட்டும்தான் பாத்தேன். அதுக்கு உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்துச்சு, லீடர் போஸ்ட் போச்சு, இன்னொரு தடவ ஏதாவதுன்னா கடல்ல வேலையே கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. எட்டு மாசமா தினமும் அத நெனைக்கிறேன்.

ஆனா ஒண்ணு. தீபாவளி அன்னைக்கு அத்தனை சொந்தக்காரங்க முறுக்கு சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, "இவளுக்கு அண்ணன் செத்தாலும் பரவால்ல, பைப்புதான் முக்கியம்"னு சொன்னீங்க பாருங்க, அது இன்னும் எரியுது. அதுக்கப்புறம் லீவுக்குக் கூட வராம கெமாமான்ல ரூம் எடுத்துத் தங்குறீங்க. அம்மா கேட்டா ஓவர்டைம்னு சொல்லி வெச்சிருக்கேன்.

சரி, இப்போ நல்ல சேதி. என்னால அடக்க முடியல. இன்னைக்கு நான் வேலை செய்யற பாசீர் கூடாங் பைப் யார்டுல இருந்து அஞ்சு லோரி கெமாமான் துறைமுகத்துக்குப் போச்சு. பேப்பர பாத்தா, உங்க ரிக்குக்கு. மூணரை இஞ்ச் டியூபிங், இருநூத்து அறுபத்தெட்டு பைப். எண்ணினது யாரு? நான்தான். நாலு தடவ. "டியூபிங்னா என்னடி"ன்னு அம்மா கேட்டாங்க. பையில கட்டித் தர்ற ஐஸ் டீ, அந்தத் தே ஐஸ் பொங்குஸ்ல ஸ்ட்ரா இருக்குல்லம்மா, பூமிக்குள்ள விடற ஸ்ட்ரா, அது வழியாத்தான் எண்ணெயும் கேஸும் மேல வருதுன்னேன். "அதுக்கா இவ்ளோ கூத்து"ன்னாங்க.

எல்லாம் எல்-80ங்கற இரும்பு ரகம். ரகம் தெரியறதுக்காக ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வளையம் பெயிண்ட், ஒண்ணு செவப்பு, ஒண்ணு பிரவுன். அத நான் மோதிரம்னு சொல்றேன், யார்டுல சிரிக்கிறாங்க. புதுசா அடிச்ச மோதிரம், வெயில்ல பளபளன்னு நின்னுச்சு. கடைசி பைப்ப தட்டிக் குடுத்து, எங்க அண்ணன் கையில போய்ச் சேருன்னு சொல்லி அனுப்பினேன்.

பதில் போடுங்க. திட்டியாவது போடுங்க.

லோஷினி


கடலில் இருந்து
ஜூன் 5

லோஷினிக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. நான் நலம். அம்மாவிடம் சொல்லவும்.

வேலை சம்பந்தமாக எனக்கு எதுவும் எழுத வேண்டாம். எந்த லாரி, எத்தனை குழாய் என்பதெல்லாம் வெளியில் பேசும் விஷயம் இல்லை. ஒரு முறை பட்டது போதும்.

மன்னித்தேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. அந்தப் பதவிக்கு மூன்று வருடம் காத்திருந்தேன். இப்போது என்னைவிடச் சின்னப் பையன், பேருக்கு அண்ணன் போட்டு, "அபாங், அதைத் தூக்குங்க" என்கிறான். தூக்குகிறேன்.

சொந்தக்காரர்கள் முன்னால் நான் பேசியது சரியில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஹேமநாதன்

பி.கு.: எப்ப இருந்து எனக்கு "நீங்க" போட ஆரம்பிச்ச? பேங்க்ல இருந்து வந்த லெட்டர் மாதிரி இருக்கு.


பெர்மாஸ் ஜெயா
ஜூன் 7, மத்தியானம்

அண்ணே,

நீன்னே எழுதுறேன். நேரமில்ல. வேலை பத்தி எழுதாதேன்னு சொன்ன. இது வேலை பத்தி இல்ல, உன் உசிரு பத்தி.

காலையில ரோத்தி சானாய் சாப்பிட்டுக்கிட்டே சேனலுக்கு வந்த கமெண்டுக்குப் பதில் போட்டுக்கிட்டு இருந்தேன். போன வருஷம் மார்ச்சுல எடுத்த வீடியோ அது. வேற ஒரு கிணத்துல மிஞ்சிப் போய் எங்க யார்டுக்குத் திரும்பி வந்த பைப்புங்க, கடலோரமா கடைசி அடுக்கு. வீடியோல நான் சொல்றேன், "பதினாலு பைப், எல்லாத்துக்கும் ஒத்த மோதிரம், வெறும் செவப்பு. அப்படின்னா இது என்-80." யாரோ ஒருத்தன் கேட்டிருக்கான், "அக்கா, செவப்புக்குப் பக்கத்துல பிரவுனா ஒண்ணு தெரியுதே, அது மோதிரம் இல்லையா?"

அது துரு. பைப்ப கத்தையா சேத்து இரும்புப் பட்டை போட்டுக் கட்டுவாங்க. மழை பேஞ்சு பட்டை துருப்பிடிச்சா, அது இருந்த எடத்துல சுத்தி வளையமா கறை விழும். நேரா, அழகா, மோதிரம் மாதிரியே. அதத்தான் சிரிச்சுக்கிட்டே டைப் பண்ணினேன். பாதியில கை நின்னு போச்சு.

அந்தக் கடைசி அடுக்கு இப்போ காலி அண்ணே.

எங்க போச்சுன்னு யோசிச்சேன். போன மாசம் உங்க ஆர்டருக்காக எல்லா அடுக்கையும் அலசினாங்க. பெயிண்ட் மங்கிப் போச்சுன்னு, புதுசா வந்த ஆளுங்கள விட்டு மோதிரத்தையெல்லாம் திரும்ப அடிக்கச் சொன்னாங்க. செவப்பு தெரிஞ்ச எடத்துல செவப்பு, பிரவுன் தெரிஞ்ச எடத்துல பிரவுன். துரு மேல பிரவுன் அடிச்சு, பதினாலு என்-80 பைப்ப எல்-80 ஆக்கிட்டாங்க. நான் இருநூத்து அறுபத்தெட்டு எண்ணினேன், எண்ணிக்கை சரியா வந்துச்சு. அதுக்குள்ள பதினாலு வேஷம் போட்டுக்கிட்டு நின்னுச்சு, நான் தட்டிக் குடுத்து அனுப்பி வெச்சேன்.

உங்க கிணத்துல அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற கேஸ் இருக்குன்னு பேப்பர்லயே போட்டிருக்கு. எல்-80 அதைத் தாங்கறதுக்குன்னே பக்குவம் பண்ணின இரும்பு. என்-80 அதைவிட கெட்டியா வந்துடலாம், அதுதான் வம்பு. அந்தக் கேஸ் உள்ள புகுந்துச்சுன்னா, ஒரு நாள் சொல்லாம கொள்ளாம கண்ணாடி மாதிரி விரிஞ்சு போகும். அப்புறம் அந்தக் கேஸ் உங்க ஆளுங்க நிக்கற எடத்துக்கு வந்தா, நாலு மூச்சு இழுத்தா போதும்.

யார்டு சூப்பர்வைசர் சதாசிவம் அங்கிள்கிட்ட ஓடினேன்.

"அங்கிள், பதினாலு பைப் மாறிப் போயிருக்கு."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

"எந்தப் பேப்பர்ல இருக்கு?"

"பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்போ வேற எங்க இருக்கு?"

என் வீடியோல இருக்கு. யார்டுக்குள்ள போன் எடுக்கக் கூடாதுன்னு போன வருஷம் ஜனவரில ரூல் போட்டாங்க. நான் எடுத்தது மார்ச்சுல. வேலை போயிடும்னு அத மட்டும் சொல்லல. அவரு சிரிச்சாரு. "யூடியூப்ல பைப் படிச்சவ எல்லாம் இன்ஸ்பெக்டர் ஆனா, நான் எதுக்கு முப்பது வருஷம் வெயில்ல காஞ்சேன்? போய் தே குடி லா."

வீடியோல இருந்து நாலு படம் அனுப்பியிருக்கேன். நல்லா பெருசு பண்ணிப் பாரு. கிணத்துக்குள்ள எப்போ எறக்கப் போறீங்க?

லோஷி


கடல்
ஜூன் 8, காலை

லோஷி,

நாளைக்குக் காலையில எறக்குறோம்.

நீ நெனைக்கிற மாதிரி வேலைய நிறுத்த என்னால முடியாது. ரோஸ்லான்னு ஒருத்தர்தான் இங்க பெரிய தலை. என் எச்சரிக்கைக் கடிதத்துல கையெழுத்துப் போட்டவரு. அவருகிட்டப் போய் என்ன சொல்ல? "போஸ், ஒரு சேனலால எனக்கு லெட்டர் குடுத்தீங்களே, அந்த சேனல்ல சொல்லியிருக்காங்க"ன்னா?

உன் மெயிலப் பாத்துட்டு டெக்குல போய் நின்னு பாத்தேன். எல்லாத்துக்கும் ரெண்டு மோதிரம். உன் பேச்சு எனக்கும் ஒட்டிக்கிச்சு. வித்தியாசமே தெரியல. போன தடவ நீ நல்லா பாக்காம ஒரு படத்த போட்ட, நான் மாட்டினேன். இப்போ நீ நல்லாப் பாத்துட்டேன்னு சொல்ற. மறுபடியும் நான்தான் மாட்டணும்.

மேல எழுதினத திரும்பப் படிச்சேன். அழிக்கல, இருக்கட்டும்.

பதினாலுன்னு நிச்சயமா? பெயிண்ட்ட விட்டுட்டா, வேற எத வெச்சு கண்டுபிடிக்கிறது?

ஹேமன்


பெர்மாஸ் ஜெயா
ஜூன் 8, சாயங்காலம்

அண்ணே,

பதினாலு. வீடியோல ஒவ்வொண்ணா விரல் வெச்சுத் தொட்டு எண்ணியிருக்கேன்.

கண்டுபிடிக்கிறது இப்படித்தான். பைப்போட ஒரு முனையில இன்னொரு பைப்ப மாட்டற கப்ளிங் இருக்குல்ல, அதுல இருந்து ஒரு முழம் தள்ளி, மில்லுலயே இரும்புல அச்சு குத்தியிருப்பாங்க. பெயிண்ட் அத மூடியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேயி. "எல்"னு இருந்தா நல்லது. "என்-1"னு இருந்தா அத எறக்காத. துரு பொய் சொல்லும், பெயிண்ட் பொய் சொல்லும், குத்தின அச்சு சொல்லாது.

சதாசிவம் அங்கிள்கிட்ட வீடியோவ காட்டிட்டேன்.

"இது எப்ப எடுத்த?"

"ரூல் போட்டதுக்கு அப்புறம், அங்கிள்."

போன வாங்கி மூணு தடவ ஓட்டிப் பாத்தாரு. மூஞ்சி வெளிறிப் போச்சு. அப்புறம் என் பாஸ் கார்ட கழட்டி மேசையில வெச்சுட்டு வீட்டுக்குப் போகச் சொன்னாரு. மேலிடத்துக்குச் சொல்றேன்னாரு. சொன்னாரா இல்லையான்னு தெரியாது. இப்போ எனக்கு வேலை இருக்கான்னும் தெரியாது. அம்மாகிட்ட தலைவலின்னு சொல்லிட்டுப் படுத்திருக்கேன்.

நீயாவது வேலைய காப்பாத்திக்கன்னு சொல்லணும்னு தோணுது. சொல்ல மாட்டேன். நிறுத்து.

அன்னைக்கு நீ சொன்னதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எட்டு மாசமா எனக்குத் தெரியல. இப்போ தெரியுது. ஆமா, எனக்கு பைப் முக்கியம்தான். அத புடிச்சுக்கிட்டு நிக்கறது நீ.

லோஷி


கடல்
ஜூன் 11

தங்கச்சி,

உக்காந்து படி. அம்மாவையும் பக்கத்துல உக்கார வெச்சுக்க.

உன் மெயில ஒம்பதாம் தேதி மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் பாத்தேன். அதுக்குள்ள இருபத்திரெண்டு பைப் கிணத்துக்குள்ள எறங்கிடுச்சு. ஒரு கையில நாசி லெமாக், ஒரு கையில போன். உன் கடைசி வரிய ரெண்டு தடவ படிச்சேன். சாப்பாட்ட மூடி வெச்சுட்டு மேல போனேன்.

இங்க சுவத்துல ஒரு போஸ்டர் இருக்கு. ஆபத்துன்னு தோணினா யாரு வேணும்னாலும் வேலைய நிறுத்தலாம்னு போட்டிருக்கும். நாலு வருஷமா அத தாண்டிப் போறேன், ஒருத்தனும் நிறுத்தி நான் பாத்ததில்ல. கையத் தூக்கினேன். மெஷின் நின்னுச்சு. இவ்ளோ பெரிய எடம் இவ்ளோ அமைதியா இருக்கும்னு எனக்குத் தெரியாது.

ரோஸ்லான் எறங்கி வந்தாரு. "அபா லாகி, இப்போ என்ன, ஹேமா?"

"பைப் மாறி வந்திருக்கு, போஸ். பதினாலு."

"யாரு சொன்னது?"

"என் தங்கச்சி."

"எந்தத் தங்கச்சி?"

"அதே தங்கச்சிதான், போஸ்."

பின்னாடி யாரோ சிரிச்சான். ரோஸ்லான் சிரிக்கல. வாட்ச்ச பாத்தாரு. "ஒரு மணி நேரம் தர்றேன். ஒண்ணும் கெடைக்கலன்னா நாளைக்கு ஹெலிகாப்டர்ல உனக்கு ஒரு சீட்டு."

பிரஷ் எடுத்தோம். முதல் பைப் எல். பத்தாவது எல். முப்பதாவது எல். பெக்கோக்ல இருந்து வந்த கனகராஜ் என் பக்கத்துல உக்காந்து தேச்சுக்கிட்டே வயித்தெரிச்சல் கெளப்புறான். "டேய், சீக்கிரமா உன் தங்கச்சிக்கு ஒரு மாப்பிள்ளைய பாருங்கடா. பாவம், பைப்ப போட்டு உயிர வாங்குது." நாப்பதாவது எல். எனக்கு வேர்வை கண்ணுக்குள்ள போகுது. மனசுக்குள்ள உன்னைத் திட்டிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

நாப்பத்தி மூணாவது பைப் கனகராஜ் கையில இருந்துச்சு. "ஹேமா, இங்க வா"ன்னான். குரலே வேற மாதிரி இருந்துச்சு. போய்ப் பாத்தேன். என்-1.

அதுக்குப் பக்கத்துலயும் என்-1. அதுக்கு அடுத்ததும். ரோஸ்லான் வாட்ச்ச கழட்டி பாக்கெட்டுல போட்டாரு. அப்புறம் பாக்கணுமே, சமையல்கார பாக் சிக் வரைக்கும் பிரஷ் எடுத்துட்டாரு. டெக்குல இருந்த இருநூத்து நாப்பத்தாறையும் சாயங்காலத்துக்குள்ள தேச்சு முடிச்சோம். தனியா எடுத்து வெச்சது பதிமூணு.

ரோஸ்லான் என் தோளத் தட்டினாரு. "பதிமூணு. நல்ல வேலை. போதும், எறக்குவோம்."

"பதினாலு, போஸ்."

"தங்கச்சி ஒண்ண கூட எண்ணியிருக்கும் லா."

"போஸ், எங்க வீட்டுல தட்டுல எத்தனை முறுக்கு மிச்சம் இருக்குன்னு தூங்கி எழுந்து சொல்லுவா. அவ பதினாலுன்னா பதினாலு."

"டெக்குல இல்லையே."

"அப்போ உள்ள போயிடுச்சு."

எறக்கின இருபத்திரெண்டையும் மேல இழுக்கணும். ஒரு நாள் வேலையும் அதுக்கான காசும் வீணாப் போகும், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அவரு கிணத்தப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "இழுத்தும் கெடைக்கலன்னா?"

"ஹெலிகாப்டர்ல அந்த சீட்டு இன்னும் இருக்குல்ல, போஸ்."

மறுநாள் காலையில என் ஷிப்டுலயே இழுத்தோம். ஒவ்வொண்ணா மேல வருது, தேய்க்கிறோம். எல். எல். எல். பத்து ஆச்சு, பதினஞ்சு ஆச்சு. யாரும் ஜோக் அடிக்கல. பத்தொம்பதும் எல். உள்ள மிச்சம் மூணுதான். என் பைய எப்படி மடிச்சு வைக்கிறதுன்னு கூட யோசிச்சிட்டேன்.

இருபதாவது வந்துச்சு. ரோஸ்லான் என் கையில இருந்து பிரஷ்ஷ வாங்கி அவரே தேச்சாரு. பிரவுன் மோதிரம் தூளா கொட்டுச்சு, அடியில துரு. கொஞ்சம் தள்ளித் தேச்சாரு. ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தாரு. நிமிர்ந்து ஹெல்மெட்ட கழட்டினாரு.

"என்-1"ன்னாரு.

லோஷி, கனகராஜ் என்னைத் தூக்கிட்டான். இருபது வருஷம் கடல்ல இருந்த ஆளுங்க எல்லாம் சின்னப் பசங்க மாதிரி ஹெல்மெட்ட தட்டிக் கத்துறாங்க. ஒரு துருப்பிடிச்ச பைப்புக்கு.

ரோஸ்லான் அப்புறமா கேட்டாரு. "தங்கச்சிக்கு என்ன வயசு?"

"இருபத்தொண்ணு."

"எங்க படிச்சது?"

"வீட்டு ஹால்ல, போஸ். சோபாவுல."

அண்ணன்


பெர்மாஸ் ஜெயா
ஜூன் 14

அண்ணே,

உக்காந்து படிக்கச் சொன்ன. நான் நின்னுக்கிட்டுதான் படிச்சேன், ஹால சுத்திச் சுத்தி. அம்மாவுக்குச் சத்தமா வாசிச்சேன். பதினாலாவது பைப் மேல வரும்போது அம்மா என் கைய புடிச்சுக்கிட்டாங்க. எல்லாம் முடிஞ்சதும் மொதல்ல கேட்டது என்ன தெரியுமா? "முறுக்கு விஷயத்த எதுக்குடி ஊருக்கெல்லாம் சொன்னான்?"

நேத்து சதாசிவம் அங்கிள் அவரோட பழைய கஞ்சில் கார்ல வீட்டுக்கே வந்துட்டாரு. சட்டைப் பாக்கெட்டுல இருந்து என் பாஸ் கார்ட எடுத்து மேசையில வெச்சாரு.

"எட்டாம் தேதியே மேல சொல்லிட்டேன்மா. அவங்க கூட்டம் போட்டுப் பேசி, ரிக்குக்குச் சொல்றதுக்குப் பதினொண்ணு ஆயிடுச்சு."

"அதுக்குள்ள எங்க அண்ணன் நிறுத்திட்டாரு, அங்கிள்."

"தெரியும். பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான்தான். முப்பது வருஷம் வெயில்ல காஞ்சுட்டு, பட்டைத் துருவ மோதிரம்னு நெனச்சு விட்டுட்டேன்." அவரும் மோதிரம்னுதான் சொன்னாரு அண்ணே. யார்டுல இப்போ எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்களாம்.

ரூல மீறினதுக்கு எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன். நம்ம வீட்டுல இப்போ ரெண்டு. ஆனா அதே கவர்ல இன்னொரு தாளும் இருந்துச்சு. ஆகஸ்ட்டுல இருந்து என்னை பைப் இன்ஸ்பெக்ஷன் படிக்க அனுப்புறாங்க. சர்ட்டிபிகேட்டோட, பரீட்சையோட, நெஜமான இன்ஸ்பெக்டரா. யார்டுக்கு ஒரு கேமரா வாங்கி வெச்சு, வர்ற அடுக்கு, போற அடுக்கு எல்லாத்தையும் படம் எடுத்து வைக்கப் போறாங்க. "அத யாரு புடிப்பாங்க, அங்கிள்?"னு கேட்டேன். "தெரியாத மாதிரி கேக்குது பாரு"ன்னு அம்மாகிட்ட சொன்னாரு.

இன்னொண்ணு. சேனல்ல நான் இத ஒரு வார்த்த சொல்லல. நாலாயிரத்து முன்னூறு பேரு இருக்காங்க, என் வாழ்க்கையிலயே பெரிய பைப் கதை, வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டுச் சுத்துறேன். வெடிச்சுடுவேன் போல இருக்கு. இருந்தாலும் சொல்லல. கமெண்ட் போட்ட அந்தப் பையனுக்கு மட்டும், "அது மோதிரம் இல்ல தம்பி, துரு. நல்ல கேள்வி"ன்னு பதில் போட்டேன்.

நீ எப்போ வர்ற?

லோஷி


கடல்
ஜூன் 26

லோஷி,

நேத்து காலையில கிணறு வந்துடுச்சு, எண்ணெயும் கேஸும் மேல வர ஆரம்பிச்சிடுச்சு. இருநூத்தம்பது பைப், எல்லாம் எல், ஒவ்வொண்ணையும் நானே தொட்டுப் பாத்து எறக்கினேன். வால்வ திறந்ததும் பைப்புக்குள்ள ஒரு சத்தம், தூரத்துல லோரி ஏத்தத்துல ஏறற மாதிரி. அப்புறம் அந்தப் பக்கம், வர்ற கேஸ எரிச்சு விடற எடத்துல, தீ பத்திக்கிட்டு நின்னுச்சு பாரு, பகல்லயே எல்லார் மூஞ்சியும் மஞ்சளா தெரிஞ்சுது. படம் எடுக்கல. நேர்ல வந்து சொல்றேன்.

என் எச்சரிக்கைக் கடிதத்த கிழிக்கச் சொல்லிக் கேட்டேன். அது பைல்லயே இருக்கணுமாம், கிழிக்க முடியாதாம். ஆனா அதுக்கு மேல இன்னொரு கடிதம் வெச்சிருக்காரு ரோஸ்லான். ஜூலையில இருந்து நான் லீடர். அந்தச் சின்னப் பையன் இப்போ என்னைப் பாத்து, "அபாங், எத தூக்கணும்?"னு கேக்குறான்.

ஞாயித்துக்கிழமை காலையில லார்கின்ல பஸ்ஸு வந்து நிக்கும். மோட்டார எடுத்துக்கிட்டு வா. கெமாமான் ரூம காலி பண்ணிட்டுத்தான் வர்றேன், பை ரெண்டு இருக்கும். திருப்பி அனுப்பின அந்த பதினாலாவது பைப்போட முனை மூடிய கெமாமான் யார்டுல கேட்டு வாங்கிக்கிட்டு வர்றேன், உனக்குத்தான். வாட்ஸ்அப்ல பிளாக் எடுத்துட்டேன். உடனே முப்பது மெசேஜ் அனுப்பாத.

கடைசியா ஒண்ணு. எறக்கின பைப்புக்கெல்லாம் ஒரு தாள் உண்டு, கிணறு மூடற வரைக்கும் அது பத்திரமா இருக்கும். அதுல பதினாலு வரிய செவப்பு மையில அடிச்சோம். கடைசிக் கட்டத்துல, கண்டுபிடிச்சவரு பேரு எழுதணும். பேனாவ என் கையில குடுத்தாங்க. கா. லோஷினின்னு எழுதினேன்.

ரோஸ்லான் எட்டிப் பாத்தாரு. "பக்கத்துல கம்பெனி பேரு போடணுமே. எந்தக் கம்பெனி?"

"பெர்மாஸ் ஜெயா, போஸ்"னு நம்ம வீடு இருக்கற எடத்தையே சொன்னேன்.

என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, பேனாவ வாங்கி அவரே அத எழுதி, கீழ கையெழுத்துப் போட்டாரு.

அண்ணன்